உதவி: வண்டு இறக்கைக்கு அடியில பழுப்பா உண்ணி, நல்லதா கெட்டதா?

புதுத்தோப்பு: வணக்கம்ங்க அவசரம். தென்னந்தோப்புல வெச்ச பக்கெட் பொறியில விழுந்த வண்டோட இறக்கைய விரிச்சா அடியில பழுப்பு கலர்ல பொடிப்பொடியா கும்பலா ஒட்டிட்டிருக்கு, நகத்தால சுரண்டினாக்கூட லேசுல வரல. உண்ணி மாதிரி இருக்கு. இது வண்ட சாகடிக்குமா? அப்படின்னா புடிச்சத எல்லாம் திரும்ப தோப்புலயே விட்டா உண்ணி பரவுமேன்னு அப்பா சொல்றாரு

தென்னங்கீத்து: எந்த வண்டுங்க? கறுப்பா கொம்பு வெச்சதா, செவப்பா நீள மூக்கா? எந்த ஊரு, மரத்துக்கு என்ன வயசு?

இளநி_மச்சான்: தேங்காய்ல வர்ற ஈரியோபைட் உண்ணி தாங்க இது. 98ல கேரளாவுல வந்துச்சே அதேதான். வண்டுதான் சுமந்துட்டு வருதுன்னு நான் ரொம்ப நாளா சொல்றேன். வேப்பெண்ணெய் அடிங்க

மூத்தவர்: ஈரியோபைட்ட வெறுங்கண்ணுல பாத்த முதல் ஆள் நீங்கதான் தம்பி. அது கால் மில்லிமீட்டர்தான், புழு மாதிரி, நாலே காலு, குரும்பை தொப்பிக்குள்ள கெடக்கும், காத்துல போவும். இங்க இருக்கிற பழைய பதிவு எல்லாம் படிச்சுட்டு வந்து பேசுங்க

இளநி_மச்சான்: பாடம் எடுக்காதீங்கண்ணே, உங்க தோப்பு காய்ப்ப நாங்களும் பாத்தோம்

புதுத்தோப்பு: செவப்புதாங்க, மூக்கு நீளம்

பூச்சிப்பித்தன்: அப்ப சிவப்பு கூன்வண்டு, அதுல இது சகஜம். சென்ட்ரோயூரோபோடான்னு ஒரு வகை உண்ணி உண்டு. இளம் பருவத்துல பின்பக்கத்துலேர்ந்து பசை ஒண்ணு விட்டு, அது காஞ்சு காம்பாயிடும், அந்தக் காம்புல ஒட்டிக்கிட்டே ஓசி சவாரி. அதான் நகத்துக்கு வரல. அந்தப் பருவத்துல தீனியே எடுக்காது, ரத்தம் குடிக்கிற கதையெல்லாம் இல்ல. வண்டு அடுத்த மரத்து அழுகல்ல போய் உக்காந்ததும் எறங்கிக்கும். ரொம்ப கும்பலா ஏறிட்டா வண்டுக்குப் பறக்க கஷ்டமா இருக்கலாம், அத நம்பி வண்ட விட்டுடாதீங்க, ஒரு பொட்டை நூத்துக்கணக்குல முட்டை வெக்கும். அப்பாகிட்ட சொல்லுங்க, சோப்புத்தண்ணியில போட்டு கொன்னுடுங்க

தென்னங்கீத்து: பொறி எங்க கட்டியிருக்கீங்க? கன்னு பக்கத்துல வேண்டாம், வாசனைக்கு வர்ற வண்டு எல்லாம் பொறியிலயே விழாது, பக்கத்து மரத்துல எறங்கிடும். தோப்பு ஓரத்துல வைங்க

இளநி_மச்சான்: லூர்னு கடையில விக்கிற, வண்ட இழுக்கிற வாசனை மருந்து எல்லாம் காசுக்கு கேடு, கொஞ்சம் கள்ளு ஊத்துங்க போதும்

மூத்தவர்: 87லேர்ந்து இங்க தமிழ்நாட்டுல கள்ளுக்கு தடை, வண்டுக்கு மட்டும் எங்கேர்ந்து வாங்கறது? கள்ளுக்கு பதிலா கரும்புத்துண்டு, அன்னாசித் தோலு போட்டாலே போதும். ஆனா லூர் இல்லாம வண்டு அவ்வளவா வராது

இளநி_மச்சான்: எல்லை தாண்டினா கேரளாவுல கெடைக்குது. எங்க மாமா பொறியில வந்துச்சே

பூச்சிப்பித்தன்: மாமா வண்டுக்கு ஊத்தினாரா இல்ல அவருக்கா?

தென்னங்கீத்து: புதுத்தோப்பு, மரத்துல ஓட்டை இருக்கா, பழுப்பா சாறு வடியுதா, நாரு சக்கையா வெளிய தள்ளியிருக்கா? தண்டுல காது வெச்சா கறக் கறக்குன்னு கேக்குதான்னும் பாருங்க. இருந்தா பொறி மட்டும் பத்தாது

இளநி_மச்சான்: மாமா குடிக்க மாட்டாரு, தெரியாம பேசாதீங்க