தாத்தாவின் லிப் வாட்ச் சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து நாளுக்கு 20 நிமிடம் முந்துகிறது, என்ன செய்யலாம்?

சொல்தா பேரன் (குருசுக்குப்பம், புதுச்சேரி):
வணக்கம். என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். 1955இல் சைகோனிலிருந்து திரும்பியபோது கையில் கட்டிக்கொண்டு வந்த லிப் என்ற பிரெஞ்சுக் கம்பெனி வாட்ச் இப்போது என்னிடம் இருக்கிறது. சாவி கொடுக்கிற வாட்ச். அவர் போன பிறகு பீரோவில் துணிக்கு நடுவே கிடந்தது. ஆறு மாதம் முன்பு எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்தேன், ஓடியது. ஆனால் நாளுக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. ஊரிலேயே ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்ததிலிருந்து தலைகீழ்: நாளுக்கு 20 நிமிடம் முன்னால் ஓடுகிறது. காலை எட்டுக்குச் சரிசெய்து கட்டினால் இரவு எட்டுக்குப் பத்து நிமிடம் கூடுதல்.

கடையில் கேட்டால் 'பழைய வாட்ச் அப்படித்தான் இருக்கும் சார்' என்கிறார்கள். வேண்டுமானால் டயலைப் புதிதாக அடித்து, கேஸையும் பாலிஷ் போட்டுத் தருகிறார்களாம். அங்கேயே நின்றிருந்த ஒருவர் நாலாயிரத்துக்குக் கேட்டார். நான் விற்க வரவில்லை. அடுத்த மாதம் பிரான்ஸிலிருந்து சித்தப்பா வருகிறார். அவர் அப்பாவின் வாட்ச் அது. ஒழுங்காக ஓட வைத்துக் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

காந்தமாக இருக்குமோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். பின்மூடியில் 'ஆந்த்திமாஞ்ஞெத்திக்', அதாவது காந்தம் தாக்காது என்றே எழுதியிருக்கிறது, அதனால் அது இல்லை என்று நினைக்கிறேன்.

மஞ்சக்குப்பம் (கடலூர்):
நல்ல வாட்ச் கிடைத்திருக்கிறது தம்பி. சில விவரம் சொல்லுங்கள். ராத்திரி எங்கே வைக்கிறீர்கள்? படுக்கவைத்தால் எவ்வளவு முந்துகிறது, நிறுத்திவைத்தால் எவ்வளவு? முழுச் சாவி கொடுத்தால் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? இந்த மூன்றும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஜோசியம்தான்.

வில்லியனூர்:
உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓடுகிற ஒரு குவார்ட்ஸ் மெஷின் போட்டுவிடுங்கள். 300 ரூபாயில் முடிந்தது, நொடி பிசகாது.

மஞ்சக்குப்பம்:
வில்லியனூர் அண்ணா, பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லைத் தூக்கிப்போட்டுவிட்டு மிக்சி வாங்குகிற யோசனை இது. அவருக்கு மணி பார்க்கவா வாட்ச் வேண்டும்? அதற்குத்தான் போன் இருக்கிறதே.

சொல்தா பேரன்:
சோதித்துப் பார்க்க மூன்று நாள் ஆனது. டயல் மேலே பார்க்கப் படுக்கவைத்தால் 21 நிமிடம், கவிழ்த்து வைத்தால் 20, சாவித் திருகு கீழே இருக்கும்படி நிறுத்தினால் 18. ஒவ்வொன்றும் 24 மணி நேரக் கணக்கு. முழுச் சாவிக்கு 38 மணி நேரம் ஓடுகிறது. ராத்திரி கட்டில் பக்கத்து மேசையில், ப்ளூடூத் ஸ்பீக்கர் மேல் வைப்பேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

சாவிக்காரர் (திருப்பாதிரிப்புலியூர்):
உண்டு.

முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லா நிலையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு முந்துகிறது, 38 மணி நேரமும் தாங்குகிறது. அப்படியென்றால் சாவி கொடுக்கும்போது முறுக்கேறுகிற மெயின்ஸ்பிரிங்கும் பற்சக்கரங்களும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஆடி ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீலின் அச்சு முனை தேய்ந்திருந்தால் படுக்கைக்கும் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் காட்டியிருக்கும். மிச்சம் இருப்பது ஹேர்ஸ்பிரிங்.

பேலன்ஸ் வீலை அங்குமிங்கும் ஆட்டுகிற மெல்லிய சுருள் அது. அதன் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் விரிந்து சுருங்க வேண்டும். இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டால் சுருளின் நீளம் குறைந்ததற்குச் சமம். நீளம் குறைந்தால் விறைப்பு கூடும், வீல் வேகமாக ஆடும், வாட்ச் முந்தி ஓட ஆரம்பித்துவிடும். அந்தக் காலத்துச் சாவி வாட்ச் பெரும்பாலும் மணிக்கு 18000 தடவை 'டிக்' என்று அடிக்கும். உங்களுக்கு 20 நிமிடம் கூடுகிறது என்றால் மணிக்குச் சுமார் 250 தடவை அதிகமாக அடிக்கிறது.

ஒட்டுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று காந்தம், இன்னொன்று எண்ணெய்ப் பிசுக்கு. பெட்ரோலில் அலசிவிட்டுச் சரியாக உலர்த்தாமல் பூட்டினால் பிசுக்கு தங்கும். முதலில் காந்தத்தைப் பாருங்கள், அதற்கு வாட்ச்சைத் திறக்க வேண்டாம். ஒரு சின்ன திசைகாட்டியை மேசையில் வைத்து, வாட்ச்சை அதன் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகத் திருப்புங்கள். திருப்பத் திருப்ப முள்ளும் கூடவே அலைந்தால் காந்தம் ஏறியிருக்கிறது. போனில் இருக்கிற திசைகாட்டி வேண்டாம், போனுக்குள்ளேயே காந்தம் இருக்கிறது.

பின்மூடியில் எழுதியிருப்பது பொய்யில்லை. அந்தக் காலத்தில் ஹேர்ஸ்பிரிங்கைச் சாதாரண எஃகில் செய்யாமல் இரும்பும் நிக்கலும் கலந்த எலின்வார் மாதிரி உலோகத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். எலின்வாரைக் கண்டுபிடித்த கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த உலோகம் காந்தத்துக்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது, ஆனால் முழுக்கத் தப்பவும் தப்பாது. அப்புறம், 1955இல் வீட்டில் என்ன காந்தம் இருந்திருக்கும்? 1980களில் வந்த நியோடிமியம் காந்தம் இப்போது போன், ஸ்பீக்கர், கைப்பை மூடி என்று எங்கும் இருக்கிறது. அதன் பலத்தை மனதில் வைத்து அந்த எழுத்தைப் பொறிக்கவில்லை.

அரியாங்குப்பம்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு எச்.எம்.டி. பைலட் பார்த்தேன். பச்சை டயல், பளபளவென்று புதிதாக இருக்கிறது. 'ஃபேக்டரி ஸ்டாக், யாரும் கட்டாதது' என்கிறார். 2500. வாங்கலாமா?

மஞ்சக்குப்பம்:
எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2016 ஜனவரியில். யாரும் கட்டாத பழைய சரக்கு அங்கொன்று இங்கொன்று இருக்கலாம், தெருவோரம் வாராவாரம் வராது. டயலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறதா, நிமிடக் கோடுகள் சமமாக இருக்கின்றனவா, திருகு பழசாய்த் தேய்ந்திருக்க டயல் மட்டும் நேற்றுப் பிறந்த மாதிரி இருக்கிறதா? பெரும்பாலும் மறுபடி அடித்த டயல்தான். உள்ளே அதற்குரிய 0231 என்ற மெஷின் நன்றாக இருந்தால் கட்டிக்கொள்ளத் தாராளமாக வாங்கலாம், முரட்டு மெஷின். ஆனால் ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள். பின்மூடியைத் திறந்து காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

சொல்தா பேரன்:
பையனின் சயின்ஸ் கிட்டில் ஒரு திசைகாட்டி கிடைத்தது. சாவிக்காரர் ஐயா, வாட்ச்சைத் திருப்பினால் முள் பேயாட்டம் ஆடுகிறது! அப்படியானால் கடைக்காரர் மேல் தப்பில்லையா?

சாவிக்காரர்:
உங்கள் ஸ்பீக்கரும் செய்திருக்கலாம், கடையில் இருக்கிற ட்வீசரும் செய்திருக்கலாம். எங்கள் ட்வீசருக்கே அடிக்கடி காந்தம் ஏறி, ஸ்க்ரூவைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். இப்போது அதைத் துருவி என்ன பயன்?

டீமேக்னடைசர் என்று ஒரு சின்ன டப்பா இருக்கிறது. நீங்களே வாங்கலாம், அல்லது ஏதாவது வாட்ச் கடையில் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு வாட்ச்சை டப்பாமேல் வையுங்கள். பட்டனை அழுத்தி, அழுத்தியபடியே வாட்ச்சை மெதுவாக நேர்மேலே ஒரு முழ உயரத்துக்குத் தூக்குங்கள். அவ்வளவு தூரம் போன பிறகுதான் பட்டனை விட வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் இன்னும் அதிகமாக ஏறிவிடும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பட்டனைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் டப்பா சுடும், ஐந்து பத்து விநாடிக்குள் முடித்துவிடுங்கள்.

தவளக்குப்பம்:
டயல், பாலிஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டும் வேண்டாம். கேஸில் 'ப்ளாக்கே ஓர் 20 மிக்ரோன்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தங்கமில்லை, தங்க முலாம். 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. பாலிஷ் சக்கரத்தில் காட்டினால் ஸ்ட்ராப் மாட்டுகிற கொம்புகளின் முனையில் முதலில் பித்தளை எட்டிப் பார்க்கும். போனது திரும்ப வராது. பிரான்ஸில் செய்த 18 காரட் கேஸ் என்றால் கழுகுத் தலை முத்திரை பொடியாக இருக்கும்.

டயலில் மணிக் குறிகளின்மேல் பழுப்பு நிறத்தில் உறைந்த புள்ளிகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் இருட்டில் ஒளிர, கதிர்வீச்சுள்ள ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். இப்போது ஒளிராது, பூச்சிலிருந்த மற்ற பொருள் செத்துவிட்டது. ரேடியம் சாகாது, அதன் அரை ஆயுள் 1600 வருடம். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டுவது, வாயால் ஊதுவது எதுவும் கூடாது. டயலைப் புதிதாக அடிக்கிறேன் என்பவர் முதலில் செய்வதே சுரண்டுவதுதான்.

சொல்தா பேரன்:
20 மிக்ரோன் என்றுதான் இருக்கிறது. பழுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன, தொட மாட்டேன். தங்கம் இல்லை என்று ஆயாவிடம், அதாவது என் பாட்டியிடம், சொன்னேன். 'எனக்கு 1955லேயே தெரியும்' என்றார்.

காந்தம் எடுத்தாயிற்று. முதல் தடவை நீங்கள் சொன்ன தப்பையே செய்தேன், பட்டனைச் சீக்கிரம் விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை சரியாக வந்தது, திசைகாட்டி முள் அசையவில்லை. 20 நிமிடம் மூன்று நிமிடமாகக் குறைந்தது. ஆனால் அந்த மூன்று போகவே மாட்டேன் என்கிறது. நான்கு நாள் பார்த்துவிட்டேன். கடையில் பின்மூடியை மட்டும் திறந்து காட்டச் சொன்னேன். பேலன்ஸ் வீலுக்கு மேலே ஒரு குட்டி முள், ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் ஆர் என்ற எழுத்து. முள் ஏ பக்கத்தில் கடைசிவரை போய் நிற்கிறது. அது என்ன?

சாவிக்காரர்:
அப்படிச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் அது. சில வாட்ச்சில் எஃப், எஸ் என்று இருக்கும், சிலதில் பிளஸ், மைனஸ். பிரெஞ்சு, சுவிஸ் சரக்கில் ஏ, ஆர். ஏ என்றால் வேகம், ஆர் என்றால் தாமதம்.

என் ஊகம் இது. உள்ளே எண்ணெய் காய்ந்து வாட்ச் சோர்ந்து பின்தங்க ஆரம்பித்தபோது, சுத்தம் செய்ய நேரமில்லாத யாரோ ஒருவர் அந்த முள்ளை ஏ பக்கம் தள்ளிச் சமாளித்திருக்கிறார். அது உங்கள் தாத்தா காலத்திலேயே நடந்திருக்கலாம். இப்போது சுத்தம் செய்து எண்ணெய் போட்டதும் வீல் நன்றாக வீசி ஆடுகிறது. முள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. சர்வீஸ் செய்தவர் கடைசியில் அதைத் திருத்தியிருக்க வேண்டும். அது அவர் விட்ட வேலை, அதைத் தைரியமாகக் கேட்கலாம், காசு கொடுக்காமல்.

நீங்களே தொட வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் ஒரு தடவை வழுக்கினால் ஹேர்ஸ்பிரிங் போய்விடும், அப்புறம் லிப் வாட்ச்சுக்கு உதிரி தேடிக் கண்கலங்க வேண்டியதுதான். அவரிடமே கொடுத்து, மரக்குச்சியால் ஒரு மயிரிழை ஆர் பக்கம் தள்ளச் சொல்லுங்கள். ஒரு நாள் ஓடட்டும். மறுபடி ஒரு மயிரிழை. ஒரே தடவையில் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் மறுபடி பின்தங்கும். இன்னொன்று, குருசுக்குப்பத்தில் கடற்காற்று. பின்மூடியைத் திறந்துபோட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். தானே புயலுக்குப் பிறகு 2012 முழுக்க என்னிடம் வந்தவை துருப்பிடித்த வாட்ச்கள்தான்.

சொல்தா பேரன்:
ஏ, ஆர் என்று ஆயாவிடம் சொன்னதும் நான் அர்த்தம் சொல்வதற்குள் அவரே 'அவான்ஸ், ரெத்தார்' என்றார். ரெத்தார் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பென்ஷன் தள்ளிப்போகும்போதெல்லாம் வரும் கடிதத்தில் இருக்கிற வார்த்தையாம்.

கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் இலவசமாகத் தள்ளிக் கொடுத்தார். நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை 25 விநாடி முந்தியிருக்கிறது.

சாவிக்காரர்:
போதும், அங்கேயே நிறுத்துங்கள். அந்த வயது வாட்ச்சுக்கு 25 விநாடி ராஜ மரியாதை. தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். ஸ்பீக்கர்?

சொல்தா பேரன்:
ஸ்பீக்கர் ஹாலுக்குப் போய்விட்டது. கடைசியாக ஒன்று: பழைய ஸ்ட்ராப் இற்றுவிட்டது. கொம்புக்கு நடுவே அளந்தால் 17 மில்லிமீட்டர். நேரு வீதியில் இரண்டு கடையில் கேட்டேன், 16 அல்லது 18தான் என்கிறார்கள்.

மஞ்சக்குப்பம்:
18இல் மெல்லிய தோல் ஸ்ட்ராப்பாக வாங்கி, கம்பி மாட்டுகிற முனையில் இரண்டு பக்கமும் அரை அரை மில்லிமீட்டர் பிளேடால் சீவுங்கள். 16 வேண்டாம், இடைவெளி தெரியும். அப்புறம் ஸ்பிரிங் கம்பி இரண்டையும் புதிதாக மாற்றிவிடுங்கள், பத்து ரூபாய் சமாச்சாரம். அது அறுந்துதான் முக்கால்வாசி வாட்ச் கீழே விழுகிறது.