பனியே இருக்காது என்றார்கள், பனி கொட்டுகிறதே: ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) பற்றிய கணிப்புகளை எவ்வளவு நம்புவது?

வெண்சரிவு கேட்டது:

வணக்கம். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருப்பதை இங்கே கேட்டுவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் பிரிட்டனின் இண்டிபெண்டென்ட் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. பனிப்பொழிவு இனி பழங்கதை என்கிற மாதிரித் தலைப்பு. இன்னும் சில ஆண்டுகளில் குளிர்காலப் பனி மிக அபூர்வமாகிவிடும், பனி என்றால் என்னவென்றே குழந்தைகளுக்குத் தெரியாமல் போகும் என்று கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வாளர் டேவிட் வைனர் அதில் சொல்லியிருந்தார். அப்புறம் என்ன நடந்தது? 2009 பிப்ரவரியில் லண்டனே முடங்கியது. 2010 டிசம்பர், பிரிட்டனில் நூறு ஆண்டுகளில் இல்லாத அளவு குளிர்ந்த டிசம்பர். 2018லும் பனி விடவில்லை.

கலிபோர்னியாவும் அப்படித்தான். 2015 ஏப்ரலில் சியரா நெவாடா மலைத்தொடரின் பனி இருப்பு (தரையில் சேர்ந்து கிடக்கும் பனி) வழக்கத்தில் வெறும் 5 சதவீதம், ஸ்கீயிங் அவ்வளவுதான் என்று எழுதினார்கள். 2022-23இல் அதே தொடரில் இருக்கும் மாம்மத் மலை ஸ்கீ தளத்தில் அடிவாரத்திலேயே 700 அங்குலத்துக்கு மேல் கொட்டியது.

பூமி சூடாவதை நான் மறுக்கவில்லை. ஆனால் பனி குறைந்தாலும் வெப்பமாதல், கூடினாலும் வெப்பமாதல் என்றால் அந்தக் கணிப்பை எதை வைத்துத்தான் சோதிப்பது? முன்கூட்டியே சொல்லி, பிறகு அளந்து பார்த்து, சரி அல்லது தவறு என்று முடிவான விஷயம் ஏதாவது உண்டா? கோஷம் வேண்டாம், தரவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீரோட்டம்:

நியாயமான கேள்வி. வைனர் சொன்னது பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டி, ஆய்வுக் கட்டுரையின் முடிவு அல்ல. ஆனாலும் சொன்னவர் ஆய்வாளர், அதனால் மக்கள் அதை நினைவில் வைத்துக் கேட்பதில் தப்பே இல்லை.

இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது: ஒரு புயலில் எவ்வளவு பனி விழுகிறது என்பது, விழுந்த பனி தரையில் எத்தனை நாள் நிற்கிறது என்பது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதனால் உறைநிலைக்கு நன்றாகக் கீழே இருக்கும் இடத்தில் ஒரே புயலில் முன்பைவிட அதிகப் பனி கொட்ட வாய்ப்பு உண்டு. பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும் இடத்தில் அதே ஈரம் மழையாக விழும், ஏற்கெனவே கிடக்கும் பனியையும் கரைத்துவிடும். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும், ஆக ஒரு டிகிரி சூடு என்பது மழை பனியாக மாறும் உயரத்தை ஏறத்தாழ 150 மீட்டர் மேலே தள்ளுகிற கணக்கு. 2,800 மீட்டரில் இருப்பவருக்கு இது ஒன்றும் தெரியாது, 1,200 மீட்டரில் இருப்பவருக்குப் பிழைப்பே போய்விடும்.

சோதித்துப் பார்த்தது கேட்டீர்கள். வட அரைக்கோளத்தின் பனிப்பரப்பை 1960களின் பிற்பாதியிலிருந்து செயற்கைக்கோளில் பார்த்து வருகிறார்கள், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அந்தத் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. நடுக்குளிர்கால மாதங்களில் பெரிய சரிவு இல்லை. மே, ஜூனில் சரிவு அப்பட்டமாகத் தெரிகிறது. சுவிட்சர்லாந்தில் 11 நிலையங்களின் பதிவை வைத்து 2016இல் வந்த ஆய்வில், 1970ஐ ஒப்பிடும்போது பனிக்காலம் சராசரியாக 12 நாள் தாமதமாகத் தொடங்கி 26 நாள் முன்னதாக முடிகிறது. பனிக்காலம் தொடக்கத்திலும் முடிவிலும் தேயும் என்ற எதிர்பார்ப்போடு இது பொருந்துகிறது.

தராசுமுள்:

நீரோட்டம் சொல்வதில் ஒரு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. 1970 என்ற தொடக்கப்புள்ளி. ஆல்ப்ஸில் 1980களின் கடைசியில் பனி நாட்கள் படிக்கட்டு இறங்கினாற்போல் சட்டென்று குறைந்தன, சுவிஸ் பதிவுகளிலேயே அது தெளிவாக இருக்கிறது. அந்தப் படிக்கட்டுக்கு முன்னாலிருந்து கோடு போட்டால் செங்குத்தாக இறங்கும், அதற்குப் பின்னாலிருந்து போட்டால் அவ்வளவு இறங்காது. எங்கிருந்து அளந்தோம் என்பதைச் சொல்லாமல் ஒற்றை எண்ணைச் சொல்வது படிப்பவருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

இன்னொன்று, 2023இல் ஐரோப்பாவின் 2,234 ஸ்கீ ரிசார்ட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. 2 டிகிரி வெப்பமானால் 53 சதவீத ரிசார்ட்டுகளுக்குப் பனி கிடைப்பதே மிகப்பெரிய ஆபத்தில், 4 டிகிரி என்றால் 98 சதவீதம். இந்த எண்கள்தான் ஊரெல்லாம் சுற்றின. ஆனால் அவை செயற்கைப் பனியே தயாரிக்காத நிலைமைக்கு. சரிவுகளில் பாதிக்குச் செயற்கைப் பனி இருந்தால் முறையே 27, 71 என்று அதே கட்டுரை சொல்கிறது. இன்று ஆல்ப்ஸில் பனி தயாரிக்காத பெரிய ரிசார்ட் எங்கே இருக்கிறது? 27ஐ விட்டுவிட்டு 53ஐ மட்டும் தலைப்பில் போட்டால் வெண்சரிவு மாதிரி ஆட்கள் சந்தேகப்படத்தான் செய்வார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு, ஏனென்றால் ஆய்வு ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறது, கெடுப்பது அதைச் சொல்லும் விதம்.

இரவுப்பீரங்கி:

நான் ஸ்கீ தளத்தில் பனிப்பீரங்கி, அதாவது தண்ணீரைத் தூவிச் செயற்கைப் பனி தயாரிக்கும் இயந்திரம், ஓட்டுகிற வேலை செய்தவன். தராசுமுள், அந்த 27ஐ அவ்வளவு நிம்மதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பனி தயாரிக்க ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை) மைனஸ் 2, மைனஸ் 3க்குக் கீழே வர வேண்டும். காற்று காய்ந்திருந்தால் வெப்பமானி பூஜ்யத்துக்கு மேலே காட்டினாலும் ஓட்டலாம், ஈரமாக இருந்தால் மைனஸ் ஒன்றிலும் வெறும் தண்ணீர்தான் வரும். நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கிடைக்கும் சில குளிர் இரவுகளில் அடித்தளத்தைப் போட்டுவிட வேண்டும், அதை விட்டால் கிறிஸ்துமஸ் வாரம் போச்சு, அந்த வாரம் போனால் வருமானத்தில் பெரிய ஓட்டை. அந்த இரவுகள் குறையக் குறைய அதே வேலையைக் குறைந்த மணி நேரத்தில் முடிக்க இன்னும் பெரிய நீர்த்தேக்கம், இன்னும் பெரிய பம்பு, இன்னும் மின்சாரம். சின்னத் தளங்களால் அது முடியாது. 2023 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் உலகக் கோப்பை ஸ்கீ போட்டி நடந்தபோது பச்சைப் புல்வெளிக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டையில் சறுக்கினார்கள், படங்கள் பார்த்திருப்பீர்கள். போட்டி நடந்தது, சரி. ஆனால் ஊருக்கு வந்த சாதாரணக் குடும்பம் அந்த ஒரே பட்டையில் என்ன செய்யும்?

கணிப்பு தவறியதற்கு மறுபக்க உதாரணமும் ஒன்று சொல்கிறேன். பொலிவியாவின் சக்கல்தாயா, 5,000 மீட்டருக்கும் மேலே பனியாற்றின் மீது இருந்த ஸ்கீ தளம். அந்தப் பனியாறு 2015 வரை தாங்கும் என்று ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். 2009லேயே மறைந்துவிட்டது.

வெண்சரிவு:

எல்லோருக்கும் நன்றி. சக்கல்தாயா எனக்குப் புதிது, இப்படித் தேதி போட்டுச் சொன்ன கணிப்பைத்தான் கேட்டேன், அது எந்தப் பக்கம் தவறினாலும் சரி. என் மனக்குறை இன்னும் தீரவில்லை. எந்த உயரத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு என்று சொல்லாமல் ஸ்கீயிங் அழியும் என்று பொதுவாகச் சொல்வதை நான் இனியும் ஏற்கப்போவதில்லை. எந்த மலை எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்லும் அளவுகோல் ஏதாவது இருக்கிறதா?

நீரோட்டம்:

இருக்கிறது. 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் காட்லீப், மான்கின் இருவரும் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். 1981 முதல் 2020 வரை மார்ச் மாதப் பனி இருப்பை ஆற்றுப்படுகை வாரியாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குளிர்காலச் சராசரி மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடங்களில் இழப்பு மிகக் குறைவு, அதைவிடச் சூடான இடங்களில் ஒவ்வொரு டிகிரிக்கும் இழப்பு வேகமெடுக்கிறது. அதனால் நீங்கள் போக நினைக்கும் மலையின் குளிர்காலச் சராசரி வெப்பநிலையை எடுத்து, மைனஸ் 8க்கு எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பல தளங்களில் இரண்டும் கோட்டின் வெவ்வேறு பக்கத்தில் இருக்கும்.