என்எஃப்-கப்பா-பி லூசிஃபெரேஸ் சுண்டெலி: சலைன் போட்ட எலியும் ஒளிர்கிறதே?

கேள்வி: சோதனைக்கூண்டு

அழற்சியைக் கிளப்பும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் வேலை செய்யும் இடத்தில் லூசிஃபெரேஸ் என்ற ஒளிரும் நொதியை உண்டாக்கும் சுண்டெலி. சி57 கருப்பு எலிப் பின்னணி, 8 வாரம், ஆண், கூண்டுக்கு நான்கு. எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியா நச்சு) கிலோவுக்கு 2 மி.கி. வயிற்றறைக்குள் ஊசி. 4 மணி நேரம் கழித்து லூசிஃபெரின் (லூசிஃபெரேஸ் ஒளிரத் தேவையான பொருள்) கிலோவுக்கு 150 மி.கி., 5ஆம் நிமிடத்தில் ஒரே ஒரு படம். சலைன் (உப்புநீர்) மட்டும் போட்ட எலியிலும் கழுத்தும் வயிறும் ஒளிர்கின்றன. ஒரே குழுவுக்குள் பத்து மடங்கு வித்தியாசம் வருகிறது. போதாக்குறைக்கு, அன்று காலை முடி நீக்கிய இடத்தில் கோடு கோடாக வெளிச்சம். எல்பிஎஸ் கெட்டுவிட்டதா, எலி வகையே சரியில்லையா?

பதில்: ஒளித்துகள்

முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த 5ஆம் நிமிடத்தை. வயிற்றறையில் போட்ட லூசிஃபெரின் உச்சத்துக்கு வர பொதுவாக 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும். 5ஆம் நிமிடத்தில் ஒளி வளைவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். ஊசி அரை நிமிடம் முந்திப் பிந்திப் போனால்கூட எண் மாறிவிடும். 2 நிமிடத்துக்கு ஒரு படமாக 30 நிமிடம் எடுத்து, ஒவ்வொரு எலியின் உச்ச மதிப்பையும் ஒப்பிடுங்கள். வளைவு ஏறாமல் படுத்தே கிடந்தால் ஊசி குடலுக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ போயிருக்கும். அந்த எலியை அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் எடுப்பதே நேர்மை. தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, எலியின் வலது பக்க அடிவயிற்றில் குத்தினால் இந்தப் பிழை குறையும்.

கரைசல்: கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) மி.லி.க்கு 15 மி.கி., 0.2 மைக்ரான் வடிகட்டி, எடையில் கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர். 25 கிராம் எலிக்கு 250 மைக்ரோலிட்டர். சிறு சிறு குழாய்களில் பிரித்து, இருட்டில் உறையவைத்து, ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

கழுத்து, வயிறு வெளிச்சம் பிழையே இல்லை. நிணநீர்க் கணு, தைமஸ், குடலின் பேயர் திட்டுகள் (குடல் சுவரில் உள்ள நோயெதிர்ப்புத் திசு) ஆகியவற்றில் என்எஃப்-கப்பா-பி சும்மா இருக்கும்போதும் ஓரளவு வேலை செய்துகொண்டேதான் இருக்கும். எல்பிஎஸ்ஸுக்கு முந்தைய நாள் அதே எலியை ஒரு முறை படமெடுத்து, எத்தனை மடங்கு கூடியது என்று கணக்கிடுங்கள்.

கோடுகள் கத்தரிப்பானும் கிரீமும் கிளப்பிய தோல் அழற்சி. அழற்சியைக் காட்டத்தானே இந்த எலி! 48 மணி நேரம் முன்பே முடியை எடுங்கள். கிரீம் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முடி வளரும் கட்டத்தில் கருத்த திட்டுகள் வரும், அங்கே மெலனின் ஒளியை விழுங்கிவிடும். வாரக்கணக்கில் தொடரும் ஆய்வு என்றால் இதே சி57 இனத்தின் வெள்ளை வடிவத்தோடு இனக்கலப்பு செய்வது உத்தமம்.

ஆண் எலிகளை ஒரே கூண்டில் போட்டால் கடித்துக்கொள்ளும். வால் அடியிலும் முதுகிலும் உள்ள காயங்கள், காதில் துளையிட்ட இடம் எல்லாமே ஒளிரும்.

பதில்: குளிர்மேடை

மேலே சொன்னதோடு வெப்பநிலையையும் சேருங்கள். எல்பிஎஸ் வாங்கிய சுண்டெலிக்கு உடல் சூடு இறங்கும், ரத்த ஓட்டமும் மாறும், லூசிஃபெரின் மெதுவாக உறிஞ்சப்படும். சலைன் எலிக்கு உச்சம் 12ஆம் நிமிடம் என்றால் எல்பிஎஸ் எலிக்கு 20 ஆகலாம். மேடை 37 டிகிரியில் இருக்கட்டும். மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேன் லூசிஃபெரேஸையே ஓரளவு தடுக்கும். எனவே எல்லா எலிக்கும் ஒரே அளவு, ஒரே நேரம்: மயக்க 3 சதவீதம், தொடர 1.5 முதல் 2.

கணக்கை விநாடிக்கு ஃபோட்டான் அலகில் எடுங்கள், கேமரா தரும் வெறும் கவுன்ட்டில் வேண்டாம். 16 பிட் கேமராவில் 65,535 தொட்ட பிக்சல் உச்ச வரம்பை எட்டிவிட்டது, அதன் எண் செல்லாது. ஒளிபடும் நேரத்தைக் குறைத்துத் திரும்ப எடுங்கள்.

கல்லீரல் மங்கலாகத் தெரிந்தால் அங்கே அழற்சி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 600 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்ளும். உறுப்பை எடுத்துச் சில நிமிடங்களுக்குள் தனியாகப் படமெடுங்கள். அல்லது திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்து, புரத அளவுக்கு ஈடுகட்டி லூசிஃபெரேஸ் அளவிடுங்கள்.

கேள்வி: சோதனைக்கூண்டு

நன்றி. அடுத்து டிஎஸ்எஸ் (குடலைப் புண்ணாக்கும் வேதிப்பொருள்) கொடுத்துக் குடலழற்சி. லூசிஃபெரேஸுக்குப் பதில் ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதம் உள்ள எலிக்கு மாறிவிடலாமா?

பதில்: ஒளித்துகள்

எந்தச் செல் என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) பார்க்க ஜிஎஃப்பி நல்லது. ஏறி இறங்குவதைப் பார்க்க உதவாது: சாதாரண ஜிஎஃப்பி செல்லுக்குள் ஒரு நாளுக்கு மேல் நிற்கும், லூசிஃபெரேஸின் அரை ஆயுள் சுமார் 3 மணி நேரம்தான். அழற்சி அடங்கிய பிறகும் ஜிஎஃப்பி பச்சையாகவே நிற்கும்.

டிஎஸ்எஸ்ஸில் குடலை வெளியே எடுத்து, மலத்தை அலசிவிட்டுப் படமெடுங்கள். அதே திசுவில் ஆர்என்ஏ எடுத்தால், மிச்சமிருக்கும் டிஎஸ்எஸ், மரபணுப் பிரதிகளைப் பெருக்கும் பிசிஆர் நொதிகளை முடக்கும். லித்தியம் குளோரைடு வீழ்படிவு செய்து சுத்தப்படுத்தாமல் க்யூபிசிஆர் (அளவைக் காட்டும் பிசிஆர்) போடாதீர்கள்.

எப்போதும் லூசிஃபெரேஸ் உற்பத்தி செய்யும் எலி இரண்டு கிடைத்தால் அவற்றுக்கும் டிஎஸ்எஸ் கொடுங்கள். அவற்றிலும் ஒளி கூடினால், நீங்கள் பார்ப்பது என்எஃப்-கப்பா-பி அல்ல, கசியும் ரத்தநாளம் வழியாகக் கூடுதலாக வந்து சேரும் லூசிஃபெரின்.