தறி வீட்டுக்காரங்க குரூப் 4 வேலைக்குப் போலாமுங்களா?

பல்லடத்துக்காரி:
இளநிலை உதவியாளர் கலந்தாய்வுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இப்ப திருப்பூர் பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர் (ஆர்டர் வேலையைக் கவனிக்கிறது), கையில 38,000, ஆறு வருச சர்வீஸ். வீட்ல 12 விசைத்தறி கூலிக்கு ஓடுது. ஜிஎஸ்டி, கரண்ட் கனெக்ஷன் ரெண்டும் என் பேர்ல. சம்பளம் குறையுமேன்னு வீட்டுக்காரர் யோசிக்கிறார். மாறுனா லாபமுங்களா, நட்டமுங்களா?

கணக்குப்புள்ள:
அடிப்படை ஊதியம் 19,500. 2025 ஜூலைக் கணக்குப்படி அகவிலைப்படி 58 சதம், அது 11,310. ஆக 30,810. இதுல ஓய்வூதியப் பங்களிப்பா 10 சதம், 3,081 போயிரும். காப்பீடு, குடும்ப நல நிதின்னு இன்னும் சில நூறு. கைக்கு 27,500 பக்கம் வரும். வீட்டு வாடகைப்படி தனி, அது ஊருக்கு ஊர் மாறும். முதல் வருசம் உங்களுக்குக் குறைச்சல்தானுங்க, அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. ஆனா வருசம் 3 சதம் இன்கிரிமெண்ட், அகவிலைப்படி வருசத்துக்கு ரெண்டு தடவை திருத்தம். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதம் வரி போட்டப்ப பனியன் கம்பெனிகள்ல ஆர்டர் என்னாச்சுன்னு திருப்பூர்ல இருக்கிற உங்களுக்கு நான் சொல்லோணுமா? பிரசவ விடுப்பு 12 மாசம், முழுச் சம்பளத்தோட. அதைத் தனியார்ல எதிர்பார்க்க முடியாது.

பென்ஷன் விசயத்துல சொந்தக்காரங்க பேச்சைக் கேக்காதீங்க. 1.4.2003-க்குப் பொறவு சேர்ந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. புதுசா எது அறிவிச்சாலும் அரசாணையைப் படிச்சுட்டு நம்புங்க.

நாடாப்பெட்டி:
காசை விடுங்க, உங்களுக்குச் சிக்கல் தறியிலதான். 1973 நடத்தை விதிப்படி அரசு ஊழியர் அனுமதியில்லாம தொழில் பண்ணக்கூடாது. சேர்றதுக்கு முன்னாலயே ஜிஎஸ்டி, கரண்ட் ரெண்டையும் வீட்டுக்காரர் பேருக்கு மாத்திருங்க. தனி உரிமையாளர் ஜிஎஸ்டி பான் எண்ணோட கட்டுனது, அதனால பேர் மட்டும் மாத்த முடியாது. அவர் பேர்ல புதுசா பதிவு எடுத்து, மிச்சமிருக்கிற வரி வரவை (பொருள் வாங்குறப்ப கட்டி, இன்னும் கழிச்சுக்காத ஜிஎஸ்டி) ஐடிசி-02 படிவத்துல அவருக்கு மாத்திட்டு, கடைசியா உங்க பதிவை ரத்து பண்ணுங்க. முதல்லயே ரத்து பண்ணீட்டா அந்த வரவு வீணாப் போயிரும். மின்வாரியத்துல பேர் மாத்துறப்ப விசைத்தறிக்கான 3ஏ2 கட்டண விகிதத்துலயே இருக்குதான்னு பாத்துக்கோங்க. இரு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம் அந்த விகிதத்துக்குத்தான்.

அவர் பேர்ல ஓடுனாலும் ஆபீசுக்கு எழுத்துல தெரிவிக்கோணும். நாளைக்குத் தோட்டமோ சைட்டோ வாங்குனாலும் அப்படித்தான். நம்ம பக்கம் சம்பளத்தோட ஒரு சைடு தொழில் இல்லாத வீடு அபூர்வம். மொட்டைப் பெட்டிசன் போடுறவங்களும் இங்கதான் அதிகம்!

பவானிசாகர்:
கலந்தாய்வுல ஊர் பக்கமான்னு மட்டும் பாக்காதீங்க. வருவாய்த்துறைன்னா பணிமூப்புக்கு மாவட்டம்தான் அலகு. வேற மாவட்டத்தை எடுத்துட்டு அப்புறமா சொந்த விருப்பத்துல திருப்பூருக்கு மாறுனா, பணிமூப்புல கடைசி ஆளாயிருவீங்க. உதவியாளர், துணை வட்டாட்சியர் பதவி உயர்வு எல்லாமே தள்ளிப் போகும். திருப்பூர், கோவை, ஈரோடு இடம் காலியில்லைன்னா, கொஞ்ச நாள்ல மாத்திக்கலாம்ன்னு நம்பி எடுக்காதீங்க. எலெக்சன், வெள்ளம்னா வருவாய்த்துறைக்கு ஞாயிறும் கிடையாது. ராத்திரி பையருக்கு (ஆர்டர் குடுக்கிறவருக்கு) மெயில் போடுற தொந்தரவு தீரும், ஆனா அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம்ங்கிற கணக்கு இங்க செல்லாது.

தகுதிகாண் பருவம் ரெண்டு வருசம். அதுக்குள்ள பவானிசாகர்ல அரசு ஊழியருக்கு நடத்துற அடிப்படைப் பயிற்சியை முடிக்கோணும். துறைத்தேர்வுகள் வழக்கமா மே, டிசம்பர்ல வரும். எந்தத் தேர்வு கட்டாயம்ங்கிறது துறையைப் பொறுத்தது, சேர்ந்த வாரமே ஆபீஸ் கண்காணிப்பாளர்கிட்டக் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. நாள் கிடக்குதுன்னு தள்ளிப் போடுறவங்கதான் மாட்டுவாங்க.

பல்லடத்துக்காரி:
ரொம்ப நன்றிங்க. கம்பெனியில எப்ப எழுதிக் குடுக்கறது? பிஎஃப் என்ன பண்றது?

கணக்குப்புள்ள:
கலந்தாய்வுல ஒதுக்கீடு ஆனதும் எழுதிக் குடுத்தராதீங்க. நியமன ஆணை கைக்கு வரட்டும். அதுல சேர வேண்டிய நாளும், கம்பெனி நோட்டீஸ் காலமும் முட்டும். நோட்டீஸுக்குப் பதிலா எவ்வளவு கட்டோணும்னு இப்பவே எச்ஆர்ல கேட்டு வைங்க. ஆறு வருசம் ஆனதால பணிக்கொடை உங்களுக்கு உண்டு, கேட்டு வாங்குங்க. பிஎஃப்ல ஓய்வூதியப் பகுதிக்குப் பத்து வருசம் ஆகலை, அதனால பணமாவும் எடுக்கலாம், திட்டச் சான்றிதழாவும் வாங்கி வெக்கலாம். திரும்பத் தனியாருக்கு வர்ற எண்ணம் துளியாவது இருந்தா சான்றிதழ்தான் நல்லது, இந்த ஆறு வருசமும் அப்பக் கணக்குல சேரும்.