தெஹிவளையில வீட்டுக்குப் பின்னால தாரா வளக்கிறம், ஒரு குஞ்சு நடக்க மாட்டன் எண்டுது, உதவி தேவை

மாமரத்தடி:

எல்லாருக்கும் வணக்கம். மாமா போன கிழமை வவுனியாவில இருந்து வரேக்க பேத்திக்கு எண்டு நாலு தாராக்குஞ்சு பெட்டியில வச்சுக் கொண்டு வந்தவர். ரெண்டு கிழமைக் குஞ்சுகளாம், கடும் மண்ணிறம், காக்கி கேம்ப்பல் எண்ட சாதி எண்டு குடுத்த ஆள் சொல்லியிருக்கிறார். எங்கட அம்மா ஊரில கோழி வளத்தவ, ஆனா தாரா எங்கட வீட்டில ஒருத்தரும் வளத்ததில்ல. குசினிக்குப் பின்னால ரெண்டு பேர்ச் அளவு இடம் இருக்கு, ஒரு மாமரம், ரெண்டு வாழை, மிச்சம் சீமெந்து.

கோழிக்குஞ்சுக்குப் போடுற ஸ்டார்ட்டர் தீன் தான் குடுக்கிறம், நல்லாச் சாப்பிடுதுகள். ஆனா ஒண்டு மட்டும் நேற்றில இருந்து ரெண்டடி நடக்குது குந்துது, பிறகு செட்டையை அடிச்சு எழும்பப் பாக்குது, திரும்பவும் குந்துது. பின்பக்கம் மடங்கிற மூட்டு கொஞ்சம் தடிச்ச மாதிரி இருக்கு. மற்ற மூண்டும் ஓடித் திரியுதுகள். மகள் அழுதுகொண்டு அதுக்குப் பக்கத்திலயே இருக்கிறாள்.

இன்னும் சில விசயமும் கேக்கோணும். குளம் மாதிரி ஏதும் கட்டாயம் வேணுமா? ஒரு பிளாஸ்டிக் பேசின் தான் இருக்கு. தண்ணி வச்சா டெங்கு எண்டு பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பேசுவினமோ? பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு சத்தம் பிடிக்காது, அதையும் யோசிக்கோணும்.


பழைய பட்டி:

தங்கச்சி, முதல்ல கால் விசயத்தைப் பாப்பம், மற்றதெல்லாம் ஆறுதலாக் கதைக்கலாம்.

நீங்க சொல்லுற மாதிரி ரெண்டு கிழமைக் குஞ்சு, கோழித்தீன் மட்டும், மூட்டுத் தடிச்சு குந்துது எண்டா பெரும்பாலும் அது நியாசின் குறைபாடு, விற்றமின் பி3. கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீனில 30 மில்லிகிராம் அளவு நியாசின் இருந்தாக் காணும், தாராக்குஞ்சுக்கு 55 அளவு வேணும். கோழி தன்ர உடம்பில டிரிப்டோபான் எண்ட புரதக் கூறில இருந்து கொஞ்சம் நியாசின் செய்துகொள்ளும், தாராவுக்கு அது சரியா ஏலாது, அதோட இதுகள் வளர்ற வேகமும் கூட, பாரம் ஏறுற அளவுக்குக் கால் பலப்படாது. அதுதான் கோழித்தீன் பைக்கற்றில எல்லாம் சரியா இருந்தும் தாராக்குஞ்சுக்குக் கால் வளையிறது.

இண்டைக்கே தொடங்குங்கோ. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கிடைச்சா ஒரு கப் தீனுக்கு ஒண்டரை மேசைக்கரண்டி கலந்து, கொஞ்சம் தண்ணி தெளிச்சுக் குடுங்கோ, உலர்ந்த தூளாப் போட்டா குஞ்சுகள் அதைக் கோப்பையின்ர அடியிலயே மிச்சம் விட்டிடும். பாண் செய்யிற ஈஸ்ட் இல்ல, அது உயிரோட இருக்கிற ஈஸ்ட், வயித்தில பொங்கும், அதை வாங்கிப் போட்டிடாதேங்கோ. ப்ரூவர்ஸ் கிடைக்காட்டி பாமசியில நியாசின் குளிசை வாங்கி நாலு லீட்டர் தண்ணிக்கு 100, 150 மில்லிகிராம் அளவில கரைச்சு வைக்கலாம். ஒவ்வொரு நாளும் புதுசாக் கரைக்கோணும். அவிச்ச பச்சைப் பட்டாணி, அவிச்ச சூரை மீன்ர துண்டு, இதிலயும் நியாசின் இருக்கு, நல்லா மசிச்சுக் குடுங்கோ. நெத்தலிக் கருவாடு குடுக்கிறதெண்டா ஊறப்போட்டு ரெண்டு மூண்டு தரம் கழுவி உப்பைப் போக்கோணும், குஞ்சுக்கு உப்புக் கூடினா ஆபத்து.

நேரத்தோட குடுத்தா சில நாளிலயே எழும்பி நடக்கத் தொடங்கும். ஆனா ஒரு கால் மட்டும் பக்கவாட்டில முறுகி நிக்குது, மூட்டுக்குப் பின்னால இருக்கிற தசைநார் விலகின மாதிரி இருக்குது எண்டா அது ஈஸ்டால சரிவராது, உடனே மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ. இன்னொண்டு, பெட்டிக்குள்ள என்ன விரிச்சிருக்கிறியள்? பேப்பர் எண்டா இப்பவே எடுங்கோ. ஈரம் பட்டா வழுக்கும், வழுக்கி வழுக்கி கால் ரெண்டும் அகண்டு போகும். பழைய சாக்கு, இல்லாட்டி சொரசொரப்பான துவாய்த் துண்டு போடுங்கோ. நொண்டுற குஞ்சை மற்றதுகளிட்ட இருந்து முழுசாப் பிரிக்க வேண்டாம், தனிய விட்டா கத்திக் கத்திச் சாப்பிடாமப் போயிடும். சின்னக் கம்பி வலையால மறிச்சு, மற்றதுகளைப் பாக்கிற மாதிரி பக்கத்தில வையுங்கோ, தீனும் தண்ணியும் எட்டுற தூரத்தில இருக்கோணும்.


வத்தளை வாசன்:

நாங்க சின்ன வயசுல பாண் நனைச்சு தான் கொடுத்தோம், ஒன்னும் ஆகல. வெட்டியா செலவு பண்ணாதீங்க.


பழைய பட்டி:

வாசன் தம்பி, ஊரில வயலுக்கையும் வாய்க்காலுக்கையும் திரிஞ்ச தாராவுக்குப் பாண் போட்டா அதுக்குப் பெரிசா ஒண்டும் ஆகாது, ஏனெண்டா அது நாள் முழுக்க நத்தையும் புழுவும் தவளைக்குஞ்சும் தேடித் திண்டிருக்கும். தெஹிவளையில சீமெந்து முத்தத்தில நிக்கிற குஞ்சுக்கு நாங்கள் போடுறது மட்டும் தான் சாப்பாடு. பாண் வயித்தை நிரப்பும், கால் எலும்புக்கு ஒண்டும் குடுக்காது. இருக்கிற கோழித்தீனை விட்டிட்டுப் பாணுக்கு மாத்தினா இந்தக் குஞ்சு தப்பாது, அதனால தான் சொல்லுறன்.


கிணத்தடி சீமா:

எங்கட உம்மா தெமட்டகொடையில ரொம்ப வருசமா தாரா வளக்கிறவ, அவட்ட கேட்டு எழுதுறேன்.

குளம் வேணாம். தலை முழுசா முங்குற ஆழத்துல தண்ணி இருந்தா போதும். தாரா மூக்கு ஓட்டையையும் கண்ணையும் தண்ணிக்குள்ள முக்கித் தான் கழுவும், அதுக்கு வழி இல்லாட்டி கண்ணுல நுரை மாதிரி வந்து ஒட்டிக்கும். இப்ப குஞ்சா இருக்கிறதால உயரம் குறைஞ்ச கோப்பையில, உள்ளுக்கு ரெண்டு கல்லு போட்டு வைங்க, விழுந்தாலும் ஏறி வந்துரும். தாய்த்தாரா கூட இருந்தா அதோட எண்ணெய் குஞ்சு மேல பட்டு தண்ணி ஊறாது. பெட்டியில வளர்ற குஞ்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல, நனைஞ்சா குளிர்ல விறைச்சுப் போகும். அதனால கழுத்துல இறகு வார வரைக்கும் பேசின்ல நீந்த விடாதீங்க, விட்டாலும் வெயில் நேரத்துல, பக்கத்துல நின்னு, கொஞ்ச நேரம். கொழும்புச் சூட்டுக்கு பகல்ல பல்ப் தேவைப்படாது, மழை இரவு மட்டும் போடுங்க. சாப்பிடுற நேரம் கட்டாயம் பக்கத்துல தண்ணி இருக்கணும், தீன் தொண்டையில சிக்கும்.

டெங்கு விசயம் நல்லா யோசிச்சுக் கேட்டிருக்கீங்க. நுளம்புப் பெருக்கம் தடுக்கிற சட்டம் 2007ல வந்தது, வளவுல புழு இருந்தா வழக்குப் போடலாம். ஆனா நுளம்பு முட்டை பறக்கிற நுளம்பா மாறுறதுக்கு ஒரு கிழமை அளவுல ஆகும், நீங்க பேசின் தண்ணிய தினம் ஊத்திக் கழுவினா அதுல ஒன்னும் வளராது. தாராவும் புழுவைத் திண்டுரும் தான், அத நம்பி விட்டுராதீங்க. பேசின்ல இல்ல, அதைச் சுத்தி மறந்து போன வாளி, சிரட்டை, சாடிக்கு அடித்தட்டு, இதுல தான் புழு வரும். அழுக்குத் தண்ணிய வாழைக்கு ஊத்துங்க, குலை போடுறத பாருங்க.

உம்மா கட்டாயம் எழுதச் சொன்ன ஒன்னு, தீன். எங்கட ஈரத்துக்கு மூட்டையத் திறந்து வச்சா கட்டி பிடிச்சு பூஞ்சணம் வந்துரும், புண்ணாக்கும் அப்படித்தான். அந்தப் பூஞ்சண நஞ்சு, அஃப்லடொக்சின், தாராக்குஞ்சத் தாக்குற மாதிரி கோழியத் தாக்காது, ஈரல் போயிரும். 1960ல இங்கிலாந்துல லட்சம் வான்கோழி செத்தது பூஞ்சணம் பிடிச்ச நிலக்கடலைப் புண்ணாக்கால தான், அப்ப தாராக்குஞ்சும் செத்திச்சு, அத ஆராய்ஞ்சு தான் இந்த நஞ்சையே கண்டுபிடிச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க, மூடி இறுக்கமான டின்ல போடுங்க, புளிச்ச மணம் வந்தா யோசிக்காம வீசிருங்க.


தியவன்னாக்கரை:

நான் பத்தரமுல்லைப் பக்கம். தாரா வளக்கிறவங்க இரவு விசயத்தைக் கடைசியாத் தான் யோசிக்கிறாங்க, அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன். பகல்ல காகம், குஞ்சுக்கு அது தான் முதல் எதிரி, மாமரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கும். கீரியும் பகல்ல வரும். கபரகொய்யா, அந்தப் பெரிய உடும்பு, கான் வழியா வந்து முட்டையையும் குஞ்சையும் எடுக்கும். இரவுல தெருநாய், மரநாய். எங்க பக்கத்துல சதுப்பு நிலம் ஒட்டி இருக்கிறதால மீன்பிடிப் பூனையும் வரும். கொழும்பு 2018ல ராம்சர்ங்கிற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்துக்குக் கீழ ஈரநில நகரம்னு அங்கீகாரம் வாங்கினது, அந்தப் பூனை இன்னும் நகரத்துக்குள்ள இருக்கிறதே பெரிய விசயம், சட்டத்தால பாதுகாக்கப்பட்ட மிருகம். அதுக்குக் கண்ணி வைக்கிறது, நஞ்சு வைக்கிறது எல்லாம் தப்பு. கூட்டைப் பலமாச் செய்யிறது தான் ஒரே வழி.

அறுகோண ஓட்டைக் கோழிவலை வாங்காதீங்க. அது கோழிய உள்ளுக்கு வைக்கத் தான் உதவும், நாய் கடிச்சுப் பிச்சிரும், கீரி கைய விடும். அரை இஞ்சி ஓட்டை உள்ள, வெல்ட் பண்ணின கம்பி வலை வாங்குங்க. அடியில ஒரு அடி அகலத்துக்கு வலைய வெளிப்பக்கம் தரையோட மடிச்சு விட்டு மேல கல்லு வைங்க, தோண்டுற மிருகம் வலையில முட்டி நிக்கும். கதவுக்கு வெறும் கொக்கி காணாது, கரபீனர் மாதிரி, ஸ்பிரிங்கால தானா மூடுற கொக்கி ஒன்னு மாட்டுங்க. நாலு தாராவுக்கு இருபது சதுர அடி அளவு இரவுக்கு போதும். தாரா கம்பில ஏறிக் குந்தாது, தரையில தான் படுக்கும், அதனால உயரம் வேணாம், காத்து வேணும். உமி ஒரு சாண் உயரத்துக்குப் போடுங்க, ஈரமான இடத்தை மட்டும் அள்ளிட்டு மேல புதுசு போடலாம். சீமெந்துலயே நாள் முழுக்க நின்னா பாதம் வெடிச்சுப் புண்ணாகும், மாமரத்தடி மண்ணுப் பக்கத்தை அதுங்களுக்கு விட்டுருங்க.


மாமரத்தடி:

எல்லாருக்கும் கோடி நன்றி. பேப்பரை அண்டைக்கே எடுத்திட்டன், சாக்குத் தான் இப்ப. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் வெள்ளவத்தையில ஒரு பாமசியில தூளாவே கிடைச்சது. இண்டைக்குக் காலம தீன் கோப்பையைக் கொண்டு போகேக்க அது வலைப்பக்கம் நாலஞ்சு அடி தானா நடந்து வந்தது. இன்னும் தாண்டித் தாண்டித் தான் நடக்குது, ஆனா மூட்டு வீக்கம் குறைஞ்ச மாதிரித் தெரியுது. மகள் அதுக்குப் பட்டாணி எண்டு பேர் வச்சிட்டாள்.

ரெண்டு கேள்வி கிடக்கு. எது ஆண் எது பெண் எண்டு எப்பிடிப் பாக்கிறது? சத்தம் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லயே?


பழைய பட்டி:

நல்ல செய்தி. ஈஸ்டை நிப்பாட்டிடாதேங்கோ, பத்துக் கிழமை வரைக்கும் குடுங்கோ, நாலுக்கும் சேத்து.

ஆறு எட்டுக் கிழமையில குரல் உடையும், ஒவ்வொண்டாத் தூக்கிப் பாருங்கோ. ‘குவாக்’ எண்டு பலத்துக் கத்தினா அது பெட்டை. சேவலுக்குத் தொண்டை கட்டின மாதிரி ஒரு கரகரப்புத் தான் வரும். பிறகு சேவலுக்கு வாலில ஒண்டு ரெண்டு இறகு மேல்பக்கம் சுருளும். அப்ப சத்தம் போடுறது பெட்டையள் தான், கேம்ப்பல் பயந்த சாதியும் கூட, பூனை கண்டாலே கத்தும். ஆன்ட்டியின்ர மதில் பக்கம் இரவுக் கூட்டை வைக்காதேங்கோ, குசினிப் பக்கம் வையுங்கோ, அதோட முதல் முட்டையில ரெண்டு அவவுக்குக் குடுத்து விடுங்கோ. சத்தமே வேண்டாம் எண்டுறவைக்கு மஸ்கோவி எண்ட தாராச் சாதி தான் சரி, அது சீறும், கத்தாது, ஆனா மதில் தாண்டிப் பறக்கும், ஒரு பக்கச் செட்டையின்ர நீள இறகுகளை வெட்ட வேண்டி வரும்.

நாலில ரெண்டு சேவல் வந்தா ரெண்டையும் ஆருக்கும் குடுத்திடுங்கோ. ஒரு சேவலுக்கு நாலஞ்சு பெட்டை வேணும், குறைஞ்சா ஏறி ஏறிப் பெட்டையின்ர பிடரி இறகைப் பிடுங்கிப் புண்ணாக்கும். முட்டைக்குச் சேவலே தேவையில்ல. குஞ்சு வேணும் எண்டா கேம்ப்பலை நம்பேலாது, அடை படுக்கிறது குறைவு. அம்மாவின்ர ஊர்க்கோழி ஒண்டுக்குக் கீழ வையுங்கோ, 28 நாள்.

அஞ்சு ஆறு மாசத்தில முட்டை தொடங்கும், நல்ல கேம்ப்பல் வருசத்துக்கு 250க்கு மேல இடும். முட்டை இடுறதுகளுக்குப் போடுற லேயர் தீன் அப்ப தான், இப்ப குடுத்தா அதில இருக்கிற கல்சியம் குஞ்சின்ர சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாரா விடியக்காலமையில தான் முட்டை இடும், சேத்துக்க, இலைக்குள்ள எண்டு பாக்காமக் கண்ட இடத்தில விட்டிட்டுப் போகும். காலம எட்டரை ஒம்பது மணிக்குப் பிறகு கூட்டுக் கதவைத் திறந்தியள் எண்டா முட்டை எல்லாம் உமிக்குள்ள துப்புரவா இருக்கும், கபரகொய்யாவுக்கும் போகாது. மகளுக்குக் குடுக்கேக்க மஞ்சள் கரு இறுகும் வரைக்கும் அவிச்சுக் குடுங்கோ, அரை அவியல் வேண்டாம்.