சூடானதும் நின்றுவிடும் பைக்: பழுது சிடிஐயிலா, பிக்கப் காயிலிலா?

கேள்வி:
கார்புரேட்டர் உள்ள பழைய பைக். ஏசி வகை சிடிஐ (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் மின்னணுப் பெட்டி). பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும். காலையில் ஒரே உதையில் கிளம்பிவிடுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றுவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு உதைத்தாலும் பலனில்லை. ஆறவிட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது. பிளக் புதியது. மெக்கானிக் சிடிஐயை மாற்றச் சொல்கிறார். அது விலை கூடிய பொருள். வாங்குவதற்கு முன் உறுதிசெய்ய வழி உண்டா?

பதில் 1:
பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படி நிற்கும். வண்டி நின்றதும் மூடியைத் திறந்து மூடிவிட்டு உதைத்துப் பாருங்கள்.

பதில் 2:
துளை அடைப்பைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் திணறி, இழுவை குறைந்துதான் நிற்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தீப்பொறி அறுந்துபோகிறது என்றே தோன்றுகிறது.

தயவுசெய்து ஆறிய வண்டியைச் சோதிக்காதீர்கள். அப்போது எல்லாமே சரியாக இருப்பதாகத்தான் காட்டும். நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சின் தலையை அழுத்தித் தொடும்படி வைத்து உதையுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். அதனால் பிளக்கைத் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் எச்டி வயரை வெறுமனே தொங்கவிட்டு ஒருபோதும் உதைக்கக் கூடாது. பல்லாயிரம் வோல்ட் போக வழியில்லாமல் இக்னிஷன் காயிலையோ சிடிஐயையோ கெடுத்துவிடும், உங்களையும் தாக்கும்.

தீப்பொறி இல்லையென்றால், ஏசி சிடிஐயில் கில் சுவிட்ச் (எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்) வயர் எங்காவது பாடியைத் தொட்டாலே எஞ்சின் அணைந்துவிடும். அந்த ஒரு வயரை மட்டும் சிடிஐ பக்கம் பிரித்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது கிளம்பிவிட்டால் சாவியால் நிறுத்த முடியாது. மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும்.

அப்போதும் தீப்பொறி வராவிட்டால் பிக்கப் காயிலின் (எஞ்சின் சுழல்வதை உணர்ந்து சிடிஐக்குச் சைகை அனுப்பும் கம்பிச்சுருள்) சாக்கெட்டைப் பிரித்து மல்டிமீட்டரில் ஓம் அளவு எடுங்கள். ஆறிய பிறகு அதே இடத்தில் மீண்டும் அளந்து, இரண்டையும் இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்:
மூடியைத் திறந்தும் பயனில்லை. தீப்பொறி துளியும் இல்லை. கில் வயரைப் பிரித்தும் அதே நிலைதான். பிக்கப் காயில் ஆறிய நிலையில் 120 ஓம். சூட்டில் மீட்டர் எதையும் காட்டவில்லை, இணைப்பே இல்லாததுபோல் நிற்கிறது. ஆற ஆற எண் தடுமாறித் தடுமாறித் திரும்பி வருகிறது.

பதில் 2:
பிடிபட்டுவிட்டது! செம்புக் கம்பியின் ஓம் அளவு சூட்டில் கூடுவது இயல்பு. 30 டிகிரியில் 120 ஓம் இருந்தால் 100 டிகிரியில் 150 ஓமை ஒட்டி வரலாம், அது பழுதல்ல. அடியோடு அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்வதுதான் பழுது. முடி போன்ற அந்தக் கம்பியில் எங்கோ ஒரு விரிசல். சூட்டில் விரிந்து விலகுகிறது. சிடிஐ எப்போது தீப்பொறி விட வேண்டும் என்பதைச் சொல்லும் சைகையே போகாதபோது சிடிஐ என்ன செய்யும்?

இந்தக் கோளாறில் பலரும் முதலில் சிடிஐயை மாற்றிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மல்டிமீட்டரால் நேரடியாகச் சோதிக்க முடியாத பெட்டி அது. அதனால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அளந்து முடித்த பிறகே அதன் மேல் சந்தேகப்பட வேண்டும்.

பதில் 3:
காயிலை மாற்றும் முன் ஒன்று. சாக்கெட்டிலிருந்து எஞ்சின் மூடிக்குள் நுழையும் இடம் வரை வயரை மெல்ல வளைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். ரப்பர் அடைப்பான் அருகே உறைக்குள் கம்பி அறுந்திருப்பதும் உண்டு. அங்கேதான் என்றால் பற்றவைத்தாலே போதும்.

கேட்டவர்:
வளைத்துப் பார்த்தேன், எண் அசையவில்லை. காயிலையே மாற்றுகிறேன். டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) மாறிவிடுமா?

பதில் 2:
திருகு துளைகள் வட்டமாக இருந்தால் காயில் ஒரே இடத்தில்தான் உட்காரும், கவலையில்லை. நீள்துளை என்றால் கழற்றும் முன் தகட்டிலும் எஞ்சின் உடலிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். காந்தச் சக்கரத்தின் மேட்டுக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளியை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். வயரைப் பழைய பள்ளத்திலேயே படியவைத்து மூடியைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் காந்தச் சக்கரம் அதை அறுத்துவிடும்.