கன்கஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

இங்கே அமெரிக்காவில், பள்ளி விளையாட்டு அணியில் பிள்ளை சேர்ந்தால் பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கன்கஷன் (concussion, அடியால் மூளை குலுங்கி வரும் பாதிப்பு) என்றால் என்ன, தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம். வாஷிங்டன் மாநிலத்தில் 2009-இல் வந்த லிஸ்டெட் சட்டத்தில் தொடங்கியது இது. அடிபட்ட 13 வயதுப் பையனை அதே அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் மறுபடி இறக்கிவிட்டார்கள். அவன் வாழ்க்கையே மாறிப்போனது. அதற்குப் பிறகு அவன் பெயரில் எழுதிய சட்டம். 2014 தொடக்கத்துக்குள் 50 மாநிலங்களிலும் இப்படி ஒன்று வந்துவிட்டது.

எங்கள் பள்ளி மாவட்டத்துத் தாளைத் தமிழில் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. "மூளை அதிர்ச்சி" என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். "யாருக்கு என்ன ஆச்சு, ஏதாவது கெட்ட சேதியா?" என்றார்.

வேறு சொல் இருக்கிறதா?

———

தம்பி,

மூளை அதிர்ச்சி ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். மருத்துவக் கட்டுரைகளில் நானே எழுதியிருக்கிறேன். லத்தீன் மூலத்துக்கும் பலமாக உலுக்குதல் என்றுதான் பொருள். ஓடுகிற சொல்லை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் கடைசியில் இரண்டும் நிலைக்காது. இந்தக் குழுவில் அப்படிப் பல சொற்களைப் புதைத்திருக்கிறோம்.

———

> ஓடுகிற சொல்லை நிறுத்திவிட்டு

ஐயா, அந்தச் சொல் ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரே நேரத்தில் நான்கு வண்டி இழுக்கிறது. கெட்ட செய்தி கேட்டால் அதிர்ச்சி. கம்பியைத் தொட்டால் மின்னதிர்ச்சி. ரத்த அழுத்தம் சரிந்து உயிர் ஊசலாடினால் அதற்கும் மருத்துவத்தில் அதிர்ச்சி. இப்போது இதற்கும். தவிர, தமிழில் அதிர்ச்சி என்பது கொஞ்ச நேரத்தில் தெளிகிற விஷயம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் போய்விடும்.

இதை அனுபவித்தே சொல்கிறேன். போன ஆண்டு மகளின் சாக்கர் ஆட்டம். அவளும் எதிரணிப் பெண்ணும் ஒரே பந்துக்குத் தலை கொடுத்தார்கள். மடேர் என்று சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை. பள்ளியின் அத்லெடிக் டிரெய்னர் (கோச் இல்லை, அடிபட்ட பிள்ளைகளைக் கவனிப்பவர்) அவளை வெளியே கூப்பிட்டுக் கேட்டார்: இது முதல் பாதியா இரண்டாம் பாதியா? கடைசி கோல் யார் போட்டது? போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா? இரண்டு கேள்விக்குச் சரியாகச் சொன்னாள். போன வார ஆட்டம் சுத்தமாக நினைவில்லை. அவ்வளவுதான், ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குப் போன் போட்டு "லேசான அதிர்ச்சிதான், சரியாகிவிடும்" என்றேன். காரில் வரும்போது "ஸ்கோர் என்னப்பா?" என்று ஐந்து முறை கேட்டாள். ஐந்து முறையும் புதிதாகக் கேட்பதுபோலவே.

அவளுக்குக் குணமாக மூன்று வாரம் ஆயிற்று. ஆட்டத்தில் நேரும் கன்கஷனில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் மயக்கம் வருகிறதாம். ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். அதனால் சொல்லுக்குள்ளேயே "காயம்" இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

———

அண்ணா, நான் சில சொற்களைத் தூக்கிப் போடுகிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூளைக் குலுக்கல்: பரிசுச்சீட்டு ஞாபகம் வருகிறது. மூளைக் கலக்கம்: பதினைந்து வயதுப் பிள்ளையைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும், வேண்டவே வேண்டாம். ஊமைக்காயம்: வெளியே தெரியாத அடிக்கு நம் ஊர்ச் சொல், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ரத்தம் கட்டிக் கன்றிப்போவதையும் அதே சொல்லால் சொல்கிறோம்.

என் ஓட்டு பொறிகலக்கத்துக்கு. "விட்ட அறையில் பொறி கலங்கிப்போச்சு" என்று காலம்காலமாகச் சொல்லி வருகிறோமே! பார்வை மங்கல், வெளிச்சம் கூசுதல், சத்தம் பொறுக்காமை, தள்ளாட்டம் எல்லாம் பொறி சம்பந்தப்பட்டவைதானே?

———

பொறிகலக்கம் அழகான சொல்லம்மா. ஆனால் அது அடி விழுந்த அந்த நொடியைச் சொல்கிறது. மறுநாள் வகுப்பில் நான்கு வரி படித்தால் தலை வலிக்கிறது, பத்து நாளாகத் தூக்கம் சரியில்லை, சும்மாவே எரிந்து விழுகிறான். இதெல்லாம் அதற்குள் வராது. நிறையப் பிள்ளைகளுக்கு அறிகுறிகளே சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும்.

தம்பி சொன்ன காயத்தைப் பற்றி யோசித்தேன். என் பழைய சொல்லை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அதனால் பாதியை வைத்துக்கொள்கிறேன்: மூளை அதிர்காயம். வினைத்தொகை, ஆகவே நடுவில் க் போட வேண்டாம். காயமா அதிர்கிறது, மூளையல்லவா என்று யாராவது கேட்பீர்கள். உண்கலம் என்கிறோம், கலமா உண்கிறது? வினைத்தொகையில் மூன்று காலமும் அடங்கும் என்பது இங்கே கூடுதல் லாபம்.

———

ஐயா, எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் மறுபடி காட்டினேன். "தலையில் அடிபட்டு உள்ளே காயமா?" என்றார். போதும்.

தாளில் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"மூளை அதிர்காயம் என்பது தலையிலோ உடம்பிலோ விழும் அடியால் மூளை குலுங்கி ஏற்படும் காயம். மயக்கம் வராமலும் இது நேரலாம். சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியே எடுப்போம். அன்று மறுபடி இறக்க மாட்டோம். தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்."

அடுத்த பத்தி படிப்படியாகத் திரும்புவது. முதல் ஓரிரு நாள் ஓய்வு. இருட்டறையில் அடைத்து வைப்பதெல்லாம் பழைய முறை, இப்போது மெல்ல நடக்கவே சொல்கிறார்கள். பிறகு வகுப்பு. களத்துக்கு ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம், மோதல் உள்ள பயிற்சிக்கு முன் மருத்துவரின் எழுத்து அனுமதி. முதல் காயம் ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அரிதுதான் என்றாலும். இதற்கு "ஆட்டத்துக்குத் திரும்புதல்", "வகுப்புக்குத் திரும்புதல்" என்று வெறுமனே எழுதிவிட்டேன். இதற்கெல்லாம் கலைச்சொல் தேட வேண்டாமே.

அப்புறம் இன்னொரு சிக்கல். கோச்சும் பயிற்சியாளர், அத்லெடிக் டிரெய்னரும் பயிற்சியாளர் என்று எழுதி வைத்திருக்கிறேன். முன்னவர் ஜெயிக்கப் பார்ப்பவர். பின்னவர் மருத்துவப் படிப்பும் உரிமமும் உள்ளவர், பிள்ளையை வெளியே உட்கார வைப்பவர். "பயிற்சியாளர் அனுமதித்தால் ஆடலாம்" என்று ஒரு வரி நிற்கிறது, படிக்கவே பயமாக இருக்கிறது. "களநல அலுவலர்" என்று இப்போதைக்கு மாற்றியிருக்கிறேன். அலுவலர் என்றால் கோப்பு தூக்குபவர் மாதிரி இல்லையா? வெள்ளிக்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும்.